வந்தாலும் வரும்

அம்மாடி, கனடா போக நீ எழுதும் செல்பிப் தேர்வில், பேச்சுப் பகுதியின் நாலாவது கேள்வியை நேற்று திண்ணையில் பேசிக்காட்டினாய். ஒரு படம், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். யோசிக்க 30 விநாடி, பேச 60 விநாடி. ‘அம்மா வாங்குவாள், பையன் அழுவான், நாய் ஓடும்’ என்று அடுக்கிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிட்டாய். உன் இங்கிலீஷை எடைபோட எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து நடப்பதைச் சொல்லித்தானே திருவையாற்றுப் பக்கம் நாங்கள் சாப்பிடுகிறோம்!

ஐப்பசி மாதம், நெல் கொள்முதல் நிலைய வாசலைப் படமாக வைத்துக்கொள். குறுவை நெல் ரோட்டோரம் காய்கிறது. கீழ்வானம் கறுத்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளை காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே அண்ணாந்து பார்க்கிறாள். பக்கத்தில் சுருட்டின படுதா. ‘மழை வரும்’ என்றால் பாதிதான் சொன்னாய். எதைப் பார்த்துச் சொல்கிறாய்? வந்தால் யாருக்கு என்ன? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் படுதாவைப் பிரிப்பாள். ஒற்றை ஆளால் முடியாது. டீக்கடையில் நிற்பவர்களைக் கூப்பிடுவாள். ஒரு மேகம் இத்தனை பேசவைக்கிறது. நாயை விட்டுவிடு.

எல்லாவற்றுக்கும் ‘வில்’ போடாதே என்றாராம் உன் வாத்தியார். நம் ஊரில் ‘மழை வந்துடும்’ என்றால் அரிவாளைக் கீழே வைப்போம். ‘வரும்போல இருக்கு’ என்றால் கை வேகமாக ஓடும். ‘வந்தாலும் வரும்’ என்றால் வெற்றிலை போட நேரம் இருக்கிறது. ‘கோயிங் டு’, ‘மைட்’ எல்லாம் இந்தச் சரக்குதான்.

இவ்வளவு பேசுகிற நான் ஏமாறியிருக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு எனக்கு வேதவாக்கு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். நான் வயலில் ஏர் வைத்திருக்கவில்லை. 2024-ல், அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்துக்கொண்டே, ‘திறந்துடுவாங்க’ என்று பக்கத்து போர்வெல்லில் தண்ணீர் வாங்கி நாற்று விட்டேன். திறந்தது ஜூலை 28. முற்றிப்போன நாற்றை மாடு தின்றது. உன் அப்பாயி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. “திறந்தாலும் திறப்பாங்கன்னு நினைச்சிருந்தா பாதிக் காசு மிஞ்சியிருக்கும்” என்றாள், அவ்வளவுதான்.

சரி, வாசலைப் பார். நேற்று ராத்திரி சித்தியிடம் கத்திவிட்டுப் போன உன் சித்தப்பா வண்டியை நிறுத்துகிறான். ஹாண்டில்பாரில் நாலு முழம் மல்லிகை தொங்குகிறது. உள்ளே சித்தி பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்கிறதல்லவா? 30 விநாடி எடுத்துக்கொள். அப்புறம் சொல்லு.