ஈயம் தேடாத நீலம்

வண்ணக் கண்ணாடிச் சன்னல் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஈயக் கோட்டுக்குத்தான் போகும். தொழில் புத்தி. ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் ஈயப்பட்டை வைத்துச் சில்லுகளை இணைப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், டியூட்லி என்ற சிற்றூர்த் தேவாலயத்தின் கிழக்குச் சன்னல் அதற்கு அடங்கவில்லை. ஈயம் குறுக்கிடாமலே, ஒரே சில்லுக்குள் நீலம் வெளுத்துக்கொண்டே போகிறது.

1963இல் படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்த சாரா டாவிக்டோர்-கோல்ட்ஸ்மிட் என்ற 21 வயதுப் பெண்ணின் நினைவுச் சன்னல் அது. பெற்றோர் வேண்ட, ஓவியர் மார்க் ஷகால் வரைந்தார். கீழே அலைகளுக்குள் சாரா, மேலே ஏணி, அதற்கும் மேலே சிலுவை.

வரைந்தது ஷகால். கண்ணாடியாக்கியது பிரான்சின் ரான்ஸ் நகரப் பட்டறைக்காரர் ஷார்ல் மார்க். நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய நிற அடுக்கு ஒட்டிய தகடுதான் அவருக்கு மூலப்பொருள். அமிலம் அந்த அடுக்கை அரிக்கும்; அரிக்க அரிக்க நிறம் வெளுக்கும், முற்றும் அரித்தால் வெள்ளை. அங்கே வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் வைத்தால் மஞ்சள் பிறக்கும். அரிக்கும் அந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உடலில் பட்டால் எலும்பு வரை இறங்கும்; அதைக் கையாண்டவர்கள் இந்தச் சன்னலை வெறும் அழகாகப் பார்க்க மாட்டார்கள். நிறம் மாற ஈயம் வேண்டாம் என்றானதும் ஈயத்துக்கு விடுதலை. அலையோடு அலையாக வளைந்து, அதுவும் தூரிகைக் கோடாகிவிடுகிறது. அமிலம் முடித்த கண்ணாடிமேல் ஷகால் தம் கையாலேயே கறுப்பு வண்ணம் தீட்டினார்; சூளையில் சுட்டதும் அது கண்ணாடியோடு ஒன்றிப்போனது.

1967இல் சன்னல் திறப்புக்கு வந்த ஷகால், மற்றச் சன்னல்களையும் தாமே செய்வதாகச் சொன்னார். 12 சன்னல்களும் இன்று அவருடையவை. கடைசியாக வந்தவை 1985இல், அவர் மறைந்த ஆண்டில் பொருத்தப்பட்டன. அங்கிருந்த விக்டோரியா காலத்துக் கண்ணாடிகளைத் தூக்கி எறியாமல், பக்கத்து அறையில் பின்னால் விளக்கு வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். இதற்காகவே அந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடிக்கும்.

எல்லோரும் ஷகாலைத்தான் சொல்கிறார்கள். அந்த நீலத்தில் பாதி ஷார்ல் மார்க்குடையது என்பேன். போகிறவர்கள் காலையிலேயே போங்கள். கிழக்குச் சன்னலுக்கு வெயில் அப்போதுதான் நேராக விழும்.