முன்பனியும் பின்பனியும்

ஆங்கில மாதம் ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது 200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இப்படித் தொடர்ந்து பன்னிரண்டு மாதம். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். பிரிட்டனில் ஆடாக்ஸ் யூகே என்ற நெடுந்தூர சைக்கிள் சங்கம் நடத்தும் இந்தச் சவாலுக்கு ‘ரேண்டனர் ரவுண்ட் த இயர்’ என்று பெயர். அமெரிக்காவில் இதையே ‘ஆர்-12’ என்கிறார்கள். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பரிசுப் பணமும் கிடையாது. முடித்தவர் ஒரு பேட்ஜ் வாங்கிக்கொள்ளலாம்.

‘ஆடாக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் துணிச்சல் என்று பொருள். 1897-இல் இத்தாலியர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தைப் பகல் வெளிச்சத்துக்குள் ஓட்டி முடித்தார்கள். அந்த வழக்கம் பிரான்சுக்குப் போய், விதிகள் எழுதப்பட்டு, உலகமெங்கும் பரவியது. இதே உலகத்தில்தான் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1200 கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கிறது. 1891-இல் தொடங்கிய அந்த ஓட்டத்துக்குப் பிரிட்டிஷ்காரர்கள் தகுதி பெறுவதற்காகவே 1976-இல் ஆடாக்ஸ் யூகே உருவானது.

பகல் வெளிச்சத்துக்குள் முடிப்பது என்பது ஜூன் மாத இத்தாலிக்குச் சரி. நான் இருக்கும் கேம்பிரிட்ஜில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கோடையில் 200 கிலோமீட்டருக்கு உடம்பு தயாராக இருந்தால் போதும். குளிர்காலத்தில் இருட்டு, காற்று, உறைந்த தரை மூன்றோடும் பேசி முடிக்க வேண்டும்.

இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு கணக்குதான் காரணம். நான் இங்கே முதுகலை படிக்க வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நம் வீடுகளில் குளிர்காலம் எப்படிப் போகும் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் காத்திருப்பு தொடங்கிவிடும். தமிழ்ப் பள்ளி வாசலில் கோட்டுக்குள் ஒடுங்கி நின்றபடி ஊருக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று பேசுவோம். வைட்டமின் டி மாத்திரை வாங்குவோம். மார்ச் கடைசியில் கடிகாரம் முன்னுக்குப் போகும்போது, “அப்பாடா, முடிஞ்சுது” என்போம். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம். இருபது வருடத்தில் நூறு மாதம். எட்டு வருடத்துக்கும் மேல். அலுவலகத்தில் ஒரு விரிதாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது இந்த எண் மனதில் வந்தது. அதன்பின் அது போகவில்லை. எட்டு வருட வாழ்க்கையை நான் முடிந்தால் போதும் என்று தள்ளியிருக்கிறேன். என் மகள் பிறந்ததும் அப்படி ஒரு பிப்ரவரியில்தான்.

அக்டோபரில் முதல் ஓட்டத்துக்கு முன்னால் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“இருநூறு கிலோமீட்டரா? எங்கடா போற?”

“கடற்கரை வரைக்கும் போயிட்டு வீட்டுக்கே திரும்பி வந்துடுவேம்மா.”

“அங்க என்ன வேலை?”

“வேலை ஒண்ணும் இல்ல. போனதுக்கு அடையாளமா ஒரு கடையில ரசீது வாங்கணும்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “ரசீது வாங்கவா?” என்றார்.

அம்மாவின் திகைப்பு எனக்குப் புரிந்தது. அவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி, வெளியுலகமும் அறிந்துகொண்டது. அம்மா அதற்கு முன்பே எழுதப் படிக்கத் தெரிந்தவர், சத்துணவு அமைப்பாளர். ஆனால் சைக்கிளை அந்த வருடம்தான் தொட்டார். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அதுவரை நடந்தோ, வராத பஸ்ஸுக்கு நின்றோ போய்க்கொண்டிருந்தார். வாங்கியது பார் வைத்த ஆண்கள் சைக்கிள், ஹெர்குலிஸ். பார் இருந்தால் குழந்தையை முன்னால் உட்காரவைக்கலாம். என் தங்கை அந்தப் பாரில் உட்கார்ந்துதான் வளர்ந்தாள். அம்மாவுக்கு சைக்கிள் என்றால் ஓர் இடத்துக்குப் போவது. போன இடத்தில் ஒரு வேலை இருக்கும்.

என் வழி கேம்பிரிட்ஜிலிருந்து வடக்கே ஈலி, லிட்டில்போர்ட், டவுன்ஹாம் மார்க்கெட், கிங்ஸ் லின் வழியாக ஹன்ஸ்டன்டன் கடற்கரை வரை போய்த் திரும்புவது. போக நூறு, வர நூறு. பெரும்பகுதி ‘ஃபென்ஸ்’ எனப்படும் வடிக்கப்பட்ட சதுப்பு நிலம். 17-ஆம் நூற்றாண்டில் கார்னீலியஸ் வெர்முயிடன் என்ற டச்சுப் பொறியாளரைக் கொண்டு நேர்நேராக ஆறுகள் வெட்டி நீரை வெளியேற்றினார்கள். நீர் போனதும் மக்கிய தாவரங்களாலான கறுப்பு மண் சுருங்கத் தொடங்கியது. இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தரைமட்டம்வரை புதைத்த ஓர் இரும்புத் தூண் இன்று சுமார் நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. ஆற்றைப் பார்க்க மேலே ஏறிப்போக வேண்டிய ஊர்கள் இவை. மண் அமுங்கிக்கொண்டே இருப்பதால் சாலைகள் அலைபோல நெளிந்திருக்கும். வரைபடத்தில் மேடே கிடையாது. ஆனால் இடுப்புக்குத் தெரியும்.

மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மலை. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் கடற்கரைக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். நான் நல்ல ஓட்டக்காரன் என்று ஹன்ஸ்டன்டன்வரை நினைத்துக்கொள்ளலாம். திரும்பியதும் நூறு கிலோமீட்டருக்கு எதிர்காற்று. மறைய ஒரு மரம், ஒரு சுவர் இருக்காது. ஈலி தேவாலயத்தின் கோபுரம் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் மிதித்தாலும் அது அதே அளவில் நிற்கும்.

நவம்பரில் வெல்னி வழியாகச் சுற்றிப் போனேன். வெர்முயிடன் வெட்டிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே வெள்ளத்தைத் தேக்கவென்றே விட்ட நிலம் அங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஹூப்பர் அன்னங்கள் அங்கே வந்து தங்கும். பகலில் அறுவடை முடிந்த வயல்களில் மிச்சமாகக் கிடக்கும் உருளைக்கிழங்கையும் சர்க்கரைக்கிழங்குத் துண்டுகளையும் மேயும். கறுப்பு வயலில் வெள்ளையாக அவை நின்றதை இறங்கிப் பார்த்தேன். நான் தப்பித்து ஓட நினைக்கும் குளிருக்கு இவை தேடி வருகின்றன. அவற்றின் கணக்கில் இது தெற்கு. டிசம்பரில் அந்தச் சாலை வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டிருந்தது. ஆற்றங்கரைச் சாலை வழியாகப் போனேன்.

டிசம்பர் ஓட்டத்தில் விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம், அடைந்தபின் மூன்று மணி நேரம் இருட்டு. முன்சக்கரத்திலுள்ள டைனமோ விளக்கு விழும் இருபது அடிச் சாலைதான் உலகம். கட்டுச்சோறாக மனைவி புளிச்சோறு பிசைந்து சின்ன உருண்டைகளாக அலுமினியத் தாளில் சுற்றித் தந்திருந்தாள். பை பையாக விற்கும் இனிப்பு ஜெல்லியைவிட அது நன்றாக வேலை செய்தது. ஆனால் சாப்பிடக் கையுறையைக் கழற்றினால் விரல்கள் மறுபடி உயிர்பெற ஐந்து கிலோமீட்டர் ஆகும். மாலை ஐந்து மணிக்கு லிட்டில்போர்ட் தாண்டும்போது கையுறையின் மேல்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. உரசினால் உதிர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் அதைத் தொட்டுப் பார்த்து, “அப்பா, நீங்க ஃப்ரீசர்ல இருந்தா வர்றீங்க?” என்றாள்.

ஜனவரியில் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் தேதி கிடைத்தது. பொங்கலுக்கு முன்பே கிளம்பிப் போனேன். அறுவை முடிந்த மறுநாளே நடக்கச் சொல்லிவிடுகிறார்கள். முதல் நாள் நான்கு அடி. மறுநாள் பத்து. அம்மா ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு எண்ணினார். சைக்கிள் நினைப்பை நான் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாதான் கேட்டார்.

“இந்த மாசம் உன் ரசீது என்னடா ஆச்சு?”

“இந்த மாசம் முடியாதும்மா. விட்டா விட்டுது.”

“ஏன், தை முடிய இன்னும் நாள் இருக்கே?”

“தை இல்லம்மா. ஜனவரி. முப்பத்தொண்ணோட சரி.”

அம்மா விரல் விட்டு எண்ணினார். “இருபத்தெட்டாம் தேதி போற. அப்புறம் மூணு நாள் கிடக்குல்ல? தங்கச்சி இங்க இருக்கா. நான் நடந்துக்கிறேன். நீ போய் உன் ரசீதை வாங்கு.”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்துப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடாமல் எழுதிய குரலில் சொன்னார்.

திரும்பி வந்த மூன்று நாளும் தரை உறைந்தே கிடந்தது. 31-ஆம் தேதி விடுப்பு எடுத்தேன். “தரை பிடிக்கலைன்னா திரும்பி வந்துடணும்,” என்றாள் மனைவி. அது அறிவுரை இல்லை, நிபந்தனை. காலை ஆறு மணிக்கு வெப்பம் மைனஸ் மூன்று. தாமதமாகக் கிளம்பினால் திரும்பும்போது இரவு வெகுநேரமாகி, ஈரமெல்லாம் மறுபடி உறைந்துவிடும். உப்புத் தூவிய பெரிய சாலையில் ஈலிவரை போய்விட்டேன். அதற்கு மேல் ஆற்றங்கரைச் சாலைக்கு யாரும் உப்புப் போடுவதில்லை. தாரின் மேல் கண்ணுக்கே தெரியாமல் படியும் பனிக்கட்டியில் சக்கரம் போனால், விழுந்த பிறகுதான் விழுந்தது தெரியும்.

ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். மென்பொருள் திட்டங்களில் நாங்கள் இடர்களுக்கென்று கொஞ்சம் நாள் ஒதுக்கி வைப்போம். இங்கே அந்த ஒதுக்கீடு நான் மிதிக்கும் வேகம்தான். ஒவ்வொரு நிமிடமும் அது கரைந்தது. ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறி, சாலை வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறியது. மீதி 173 கிலோமீட்டர், பத்து மணி நேரம். தரை பிடித்தது, கிளம்பினேன்.

ஹன்ஸ்டன்டனில் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கிய அந்தச் செங்குத்துப் பாறை புகழ்பெற்றது. கிழக்குக் கரையில் இருந்தும் மேற்கைப் பார்த்த ஊர் அது. கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கோடையில் கூட்டம் வரும். எனக்கு ஒரு டீ, ஒரு பன், ஒரு ரசீது. திரும்பும்போது மூன்று மணிவாக்கில் மேகம் மூடியது. வானம் தெளிந்திருந்தால் தரையின் சூடு மேலே போய்விடும், தரை உறையும். மேகம் போர்வை. இருபது வருடமாக இந்த நாட்டு மேகத்தைத் திட்டியிருக்கிறேன். அன்று மாலை அது கலைந்துவிடக் கூடாதே என்று அண்ணாந்து பார்த்தபடி மிதித்தேன். வீட்டு வாசலில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. ரசீதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

பிப்ரவரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை, எதிர்காற்று, இரண்டு பஞ்சர். மரத்துப்போன விரலால் டயரைப் பிரிப்பது ஒரு தனிக் கலை.

மார்ச் கடைசி வாரம் மகள் ஈலிவரை கூட வந்தாள். அங்கிருந்து ரயிலில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாய்க்காலோரத்து நாணல் முழுக்க வெள்ளை ஊசி ஊசியாகப் பூத்திருந்தது. நிறுத்திவிட்டாள்.

“ஹோர் ஃப்ராஸ்ட். இதுக்குத் தமிழ்ல என்ன?”

“பனி.”

“ஸ்னோ?”

“அதுவும் பனிதான்.”

“மிஸ்ட்?”

“பனி.”

“அப்பா, சும்மா சொல்றீங்க.”

உறைபனி, மூடுபனி என்றெல்லாம் பிரித்துச் சொன்னேன். அவளுக்கு அவை பாடப்புத்தகச் சொற்களாகப் பட்டன. அப்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. நம் ஆறு பருவங்களில் இரண்டுக்குப் பனியின் பெயர்தான். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வருடத்தின் முன்பாதி, பின்பாதி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரவின் முற்பகுதியில் பனி இறங்கும் காலம் முன்பனி. இரவின் பிற்பகுதியில் இறங்கி விடியலில் நிற்பது பின்பனி. டிசம்பரில் நான் பயந்தது மாலைக்கு. மார்ச்சில் பயப்படுவது விடியற்காலைக்கு. மாலையில் கையுறைகூடத் தேவையில்லை. புதுக்கோட்டையில் வெறும் பெயராகப் படித்ததை இந்தக் கறுப்பு மண்ணில்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன்.

இதை அவளிடம் சொன்னேன். நாணலைப் பார்த்தபடி யோசித்தாள்.

“அப்ப டிசம்பர்ல உங்க க்ளவ்ஸ்ல இருந்துச்சே, அது முன்பனி. இது பின்பனி.”

“ஆமா.”

“ஓகே. இது நல்லாருக்கு.”

அவளை ரயிலேற்றிவிட்டு ஹன்ஸ்டன்டன் போனேன். ரசீதின் படத்தை வழக்கம்போல அனுப்பினேன். அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது: “ஆறு ஆச்சு. நான் இன்னைக்கு மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்தேன்.”