தோட்டாவின் விலை

நம் தோட்டப்புறங்களில் மூன்று பெரியவர்கள் ஒன்று கூடினால் பேச்சு கடைசியில் விலைவாசியில்தான் வந்து நிற்கும். அரிசி என்ன விலை விற்றது, மண்ணெண்ணெய் என்ன விலை, மத்தி மீன் டின் என்ன விலை என்று ஒவ்வொன்றாக வரும். அந்தப் பட்டியலுக்கு நடுவே, நம்மில் பலர் மறந்துபோன ஒரு பொருளும் வந்து விழும். வேட்டைத் துப்பாக்கிக்குப் போடும் தோட்டாதான் அது.

"ஒரு தோட்டா முப்பது காசு, தம்பி!" என்பார் ஒருவர்.

"யார் சொன்னது? நாற்பது காசு. என் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்" என்று அடித்துப் பேசுவார் அடுத்தவர்.

"கடையில் வாங்கினவன் ஏமாளி. சுட்ட தோட்டாவின் கூட்டை எறியாமல் வைத்திருந்து நானே நிரப்பிக்கொள்வேன். பாதிக் காசுகூட ஆகாது" என்று மீசையைத் தடவுவார் மூன்றாமவர். பிறகு மூவரும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். "ஹூம்... அது மலிவுக் காலம்!"

இந்தப் பெருமூச்சைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அது உண்மையிலேயே மலிவுக் காலம்தானா என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று இளைய தலைமுறை கேட்கலாம். காட்டோரத் தோட்டங்களில் காட்டுப்பன்றியின் தொல்லை சொல்லி முடியாது. லயத்துக்குப் பின்னால் பயிரிட்ட மரவள்ளியை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். செம்பனை இளங்கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். துப்பாக்கி லைசென்ஸ் துரைக்கும் இன்னும் ஓரிருவருக்கும்தான் இருக்கும். பன்றி விழுந்த மறுநாள் காலை லயமே கலகலப்பாக இருக்கும். இறைச்சியைக் கூறு போட்டு, சாப்பிடுகிற வீடுகளுக்கெல்லாம் பங்கு அனுப்புவார்கள். ஆகவே தோட்டாவை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார்கள். குறி தப்பினால் வேட்டைக்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

கூட்டை நிரப்புகிற வழக்கமும் இந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான். தோட்டா என்பது ஒரே பொருள் அல்ல. கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப், மருந்து, நடுவே அடைப்பு, மேலே ஈய ரவை என்று பல பொருள் சேர்ந்தது. சுட்டதும் மற்றவை போய்விடும்; கூடு மட்டும் மிஞ்சும். பித்தளைக் கூடாக இருந்தால் பல முறை நிரப்பலாம். காகிதக் கூடு நம் நாட்டு மழை ஈரத்தில் ஊறிப் பருத்து, துப்பாக்கிக்குள் நுழையவே அடம்பிடிக்கும். 1960-இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். தோட்டாவின் விலை நாற்பது காசு என்றே வைத்துக்கொள்வோம். அறுபதுகளில் பால்மரம் வெட்டுபவரின் நாள் கூலி மூன்று வெள்ளியை ஒட்டி இருந்தது. அப்படியானால் ஒரு நாள் முழுதும் உழைத்தால் ஏழு தோட்டா. 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி. அதில் ஏழில் ஒரு பங்கு 9 வெள்ளிக்கும் மேல்! அன்றைய நாற்பது காசு இன்றைய ஒன்பது வெள்ளியின் கனம் கொண்டது. மலிவாக இருந்தது தோட்டா அல்ல, நம் உழைப்புதான். பெரியவர்கள் காசை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைச் சம்பாதிக்க எத்தனை மரம் வெட்டினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இது கடைவிலை. கடைக்காரர் கணக்கில் வராத விலைகளும் உண்டு.

ரவைக்கு ஈயம் வேண்டுமே! பழைய வலைக்குண்டு, உடைந்த பேட்டரி என்று கிடைத்ததை எல்லாம் வீட்டு அடுப்பிலேயே உருக்கியவர்கள் உண்டு. ஈயப் புகையும் தூளும் நஞ்சு. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது இன்று மருத்துவ உலகம் ஐயமின்றி அறிந்த செய்தி. உருக்கியவர் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அதே அடுப்பில் சோறு பொங்கியவர் தாய். அருகில் தவழ்ந்தது பிள்ளை. மருந்து கூடினால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். குறைந்தால் அடைப்பு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் மறுபடி சுட்டால் அதே கதிதான். பாதிக் காசு மிச்சம் பிடிக்கப்போய் விரலைக் கொடுத்தால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு விலை இருக்கிறது. அது எல்லாவற்றிலும் பெரியது.

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடுத்த மாதமே, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இங்கே வந்தவர். தொழிலாளர் கூலிக்காகக் குரல் கொடுத்தவர். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது அவர் மேல் சாட்டப்பட்ட குற்றம். இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆறு தோட்டா கடையில் என்ன விலை இருந்திருக்கும்? கணபதிக்கு அதன் விலை உயிர்.

அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆனால் அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதிகளில் அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்ற விதியைத் தொடர்ந்து வைத்திருந்தது. 2012-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இன்றைக்கும் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் தயாரிப்பதும் கடுமையான குற்றமே. காட்டுப்பன்றியைச் சுடவும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும். ஆகவே, "அந்தக் காலத்தில் நானே நிரப்பினேன்" என்று தாத்தா சொல்வதைக் கேட்டுப் பேரன் யாரும் கொல்லைப்புறத்தில் கைவேலை தொடங்கிவிட வேண்டாம்.

இத்தனையும் சொல்வதால் பெரியவர்களின் ஏக்கத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஏங்குவது காசுக்காக அல்ல என்றே நான் நினைக்கிறேன். ஒரு கூட்டைக்கூட வீசி எறியாத அந்தச் சிக்கனம், குறி பார்க்கும்போது நடுங்காத அந்தக் கை, விடியற்காலையில் கூறு போட்டுப் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிய அந்த மனசு, இவைதான் அவர்கள் நெஞ்சில் நிற்பவை. அவற்றை வெளியே சொல்லத் தெரியாமல் "முப்பது காசு, நாற்பது காசு" என்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிந்துபோன பிறகு, மிஞ்சியிருப்பது அந்த விலைப் பட்டியல் ஒன்றுதான்.

எனவே அடுத்த முறை வீட்டுப் பெரியவர் பழைய விலையைச் சொல்லத் தொடங்கினால், "ஆரம்பித்துவிட்டார்" என்று எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்போது உங்களுக்குக் கூலி எவ்வளவு தாத்தா? பாட்டிக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விலை ஒரு பக்கம், கூலி மறுபக்கம். நம் குடும்பம் இந்த நாட்டில் என்ன விலை கொடுத்து வாழ்ந்தது என்பது அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.