பூட்டிய பின்கட்டு

எங்கள் பெரியப்பா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையலாளாக இருந்தார். 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, லட்சக்கணக்கான இந்தியரோடு அவரும் புறப்பட்டு, தமு வழியே மணிப்பூர் மலைகளைக் கடந்து காரைக்குடி வந்து சேர்ந்தார். உடன் புறப்பட்ட சிற்றப்பா வந்து சேரவில்லை.

நாங்கள் சிறுபிள்ளைகளாயிருந்த அறுபதுகளிலும் பெரியப்பாவின் நடை முடிந்தபாடில்லை. நள்ளிரவில் எழுந்து மிச்சச் சோற்றைத் துணியில் முடிவார். எங்களைத் தட்டியெழுப்பி, "கிளம்புங்க, கிளம்புங்க" என்பார். ஊரார் வைத்த பெயர் 'பர்மாக் கிறுக்கு'. அக்காளைப் பெண் பார்க்க வந்த நாளில் அவரைப் பின்கட்டில் வைத்துப் பூட்டினோம். சாவி எங்கள் கையில்தான் இருந்தது. 'அவருக்குக் காய்ச்சல்' என்று வந்தவர்களிடம் சொன்னதும் நாங்களே.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகமொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் ஓடவியலாது கருகினர். மடிந்தோர் 28 பேர். செய்தியைப் படித்துக் கலங்கினோம். எங்கள் பூட்டு அன்று நினைவுக்கு வரவில்லை.

அது நினைவுக்கு வந்தது சென்ற தீபாவளிக்கு முன்தினம். அருகிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குத் துணி கொடுக்கச் சென்றிருந்தோம். 1990இல் பத்து வயதில் படகேறி வந்த ஒரு பெண், எங்கோ வெடித்த வெடிக்குக் கட்டிலடியில் புகுந்துகொண்டார். "தலையிடிதான் ஐயா, வேறொண்டுமில்லை" என்றார் அவருடைய தாயார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேத்திக்குக் கலியாணம் பேசுகினம்" என்றார்.

பொய்யென்று அதைத் தள்ளிவிட முடியாது. போரில் பட்ட உளக்காயம் தலையிடியாக, நெஞ்சு நோவாக உடம்பின் வழியே பேசுவதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே கண்டு எழுதினார். மருத்துவமனையை நாட மக்கள் கூசியதால், ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் ஆற்றுப்படுத்தும் பயிற்சி அளித்தவர் அவர். குண்டுக்கு அஞ்சிய நெஞ்சு, குண்டு நின்ற பிறகும் அஞ்சுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வயலில் பாம்பு கடித்தவனை எவரும் பழிப்பதில்லையே.

பெரியப்பாவைப் பற்றி வெளியாரிடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம். சாவியைப் பற்றியும் சொன்னோம். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அவரும் நித்திரையில எழும்பி ஓடுவாரோ?" என்று கேட்டார்.

மறுவாரம் சிவகங்கை அரசு மருத்துவமனைக்கு மகளை அழைத்துவர இசைந்தார். முகாம் வாசலில் மட்டும் எங்கள் கையைப் பற்றினார்: "கண் காட்டப் போறம் எண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னோம்.