விட்டுப்போன வாரம்

மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள், பூசணம் பூத்திருக்குமோ என்று புத்தக பீரோவைத் திறந்தபோது அந்த வாசனை வந்தது, மைதாப் பசையும், பூச்சி அரிக்காமலிருக்க அதில் கலக்கும் மயில்துத்தமும், எப்போதோ கரைந்துபோன பாச்சை உருண்டையும் சேர்ந்த, பைண்டிங் செய்த புத்தகங்களுக்கே உரிய வாசனை. பின்னால் அண்ணன் பேத்தி நின்றிருந்தாள், கையில் போனோடு. “சின்ன தாத்தா, ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல பெஸ்ட்டா ஒரு பத்து புக் சொல்லுங்க, லீவுக்குள்ள முடிக்கணும்” என்றாள். எனக்குச் சந்தோஷம்தான், ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தேன், மூன்றாவது பெயரை எழுதி முடிப்பதற்குள் முதல் பெயரை அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மூணரை ஸ்டார்தான் இருக்கு” என்றாள்.

மதுரையில் வடக்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாவு மில்லுக்கு அடுத்தாற்போல், வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது, நாளுக்கு இருபத்தைந்து பைசா, அகலம் ஒரு கட்டில் போடும் அளவு. உள்ளே விளக்கை ஆறு மணிக்கு முன் போடமாட்டார்கள், கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் ஒரு பட்டை வெளிச்சத்தில் மில்லிலிருந்து வந்த மாவுத்தூள் மிதந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சம் எந்த அலமாரியில் விழுகிறதோ அந்த அலமாரிப் புத்தகங்களை மட்டும்தான் அந்த நேரத்தில் பார்க்க முடியும். கடைப் பெரியவர் மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காதுக்குப் பதில் நூல் கட்டியிருப்பார், பொடி போடும் பழக்கம், அதனால் அவர் படித்த புத்தகத்தில் அவர் நிறுத்தின பக்கமெல்லாம் பழுப்பாக ஒரு விரல் தடம் இருக்கும். ஒரு புத்தகத்தை நல்லது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்டால் புத்தகத்தைப் பார்க்கமாட்டார், நம்மைப் பார்ப்பார், ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது ஒனக்கு ஆகாது, அடுத்த வருசம் வா” என்று பிடுங்கி வைத்துவிடுவார்.

அவர் கையால் வந்ததுதான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, எண்பதுகளில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்ததை யார் வீட்டிலோ கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டித் தைத்த பைண்டு. கதை நடப்பது 2021இல், குழந்தை பெறவும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய ஒரு நாட்டில், நிலா என்ற பெண்ணும், புத்தகம் படித்துப் படித்தே புத்தி வளர்க்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியும். “நாயே படிக்குது, நீயும் படி” என்பதுதான் பெரியவரின் சிபாரிசு. படித்துக்கொண்டே வந்தால் ஒரு வாரம் இக்கட்டில் முடிந்தது, பக்கத்தைத் திருப்பினால் எல்லோரும் வேறெங்கோ இருந்தார்கள், நடுவில் ஒரு வாரத்தைக் காணோம். திருப்பிக் கொடுக்கும்போது புகார் சொன்னேன், அவர் பொடியை உறிஞ்சி, ஒரு தும்மல் போட்டு, “அதுல என்ன நடந்திருக்கும்னு நெனைக்கிற?” என்றார். கணக்கு நோட்டின் பின்பக்கம் நான் எழுதினேன், இரண்டரைப் பக்கம், ஜீனோவுக்குச் சந்தேகமில்லாமல் மதுரைத் தமிழ் வந்துவிட்டது.

நிஜ 2021 வந்தது, முகக்கவசத்தோடும் மூடின கடைகளோடும் வந்தது, நாய்க்குட்டி வரவில்லை.

கதைக்கு நடுவில் நிறுத்துவதைக் கடைப் பெரியவருக்கு முன்பே எனக்குப் பழக்கியவள் பாட்டி. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், தூணுக்குத் தூண் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம், இப்போது அந்தக் கடைகளெல்லாம் வெளியேறிவிட்டன, அங்கே வாங்கின பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாள், படிக்கத் தெரியாது, மடியில் வைத்துக்கொள்ள மட்டும்தான் அந்தப் புத்தகம். முப்பத்திரண்டு பதுமைகளில் ஒரு நாளைக்கு ஒன்று, பதுமை வாயைத் திறக்கும் நேரம் பார்த்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவாள், காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, மடித்து, கன்னத்தில் ஒதுக்கும்வரை போஜராஜன் அரியணைப் படியில் ஒரு காலோடு நிற்பான்.

அவளுக்கு ஒரு வழக்கம், தாத்தாவின் பெயரைச் சொல்லமாட்டாள், தாத்தா பெயர் பழனி, ஆகவே ஊர்ப் பெயரையும் சொல்லமாட்டாள், “மலைக்கோயில் ஊரு” என்பாள், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் கேட்க வேண்டி வந்தால் என்னை முன்னே தள்ளிவிடுவாள். பிறகு பெங்களூரில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிகிற ஒரு வாடகை அறையில், உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’யைப் படித்தேன். தீவுகளாலான ஓர் உலகம், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, அது தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு, அதனால் மெய்ப்பெயரை உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். ஆடு மேய்த்த பையன் ஒருவன் மந்திரம் கற்று, கர்வத்தில் ஓர் இருட்டை அவிழ்த்துவிட்டு, கடல் முழுக்க அதற்குப் பயந்து ஓடி, பிறகு திரும்பி அதைத் துரத்துகிறான். ஆங்கிலக் கதைதான், ஆனால் அந்தப் பெயர் விஷயத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, வெற்றிலை வாசனை அந்த அறைக்குள் வந்ததுபோல் இருந்தது. பாட்டி பயந்து சொல்லாமலிருந்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், பத்திரப்படுத்தி வைத்திருந்தாளோ என்று அன்றைக்குத் தோன்றியது.

அதே அறையில்தான் ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ படித்தேன், 1956இலிருந்து இலங்கையிலேயே வாழ்ந்த மனிதர், 1979இல் வந்த அந்த நாவலுக்காகத் தீவைத் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்து, தப்ரபேன் என்ற பழைய பெயரையும் கொடுத்து, சிவனொளிபாத மலையை ஒத்த ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டவைத்தார், உச்சியிலிருக்கும் பிக்குகள் இடத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். சுஜாதா இறந்தது 2008 பிப்ரவரி 27, கிளார்க் இறந்தது அதே ஆண்டு மார்ச் 19, மூன்று வாரத்தில் இரண்டு பேர், அந்த மாதம் நான் வேறெதுவும் படிக்கவில்லை.

சிபாரிசில் நான் தோற்றதும் உண்டு, ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு, மனைவியை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, லெம்மின் ‘சோலாரிஸ்’ உலகத்தின் தலைசிறந்த பத்தில் ஒன்று என்று திணித்தேன், இறந்த மனைவி திரும்பி வந்து எதிரே உட்காருகிற கதை என்பது கொடுக்கும்போது என் நினைவில் இல்லை, புத்தகம்தான் நினைவில் இருந்தது. இருபது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், மாசி வீதிக்காரர் என்றால் பிடுங்கி வைத்திருப்பார்.

அந்தக் கடையை மூடும்போது புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள், ‘இயந்திரா’ பைண்டை மட்டும் நான் எடுத்து வந்தேன். பின்னாளில் முழுப் புத்தகமாக வாங்கி விட்டுப்போன வாரத்தைத் தேடிப் படித்தேன், சுஜாதா எழுதியது என்னுடையதைவிட எத்தனையோ மடங்கு நன்றாக இருந்தது, ஆனாலும் ஏதோ குறைந்தது, ஜீனோ மதுரைத் தமிழ் பேசவில்லை.

“தாத்தா, நாலாவது?” என்றாள் பேத்தி. எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன், பதினான்கு வயது, நகத்தைக் கடிக்கிறாள், பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி கேட்கிறாள், யாராவது உத்தரவு போட்டால் முகம் சிவக்கிறது. பீரோவில் புதுப் பதிப்பும் பழைய பைண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, கை முதலில் புதியதற்குத்தான் போனது. பிறகு பழையதை உருவி, மூன்று பெயரோடு நின்றுபோன தாளை நாலாக மடித்து, அந்த வாரம் விட்டுப்போன இடத்தில் செருகிக் கொடுத்தேன். அவள் ஸ்டார் ஏதும் தேடவில்லை, அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரிதாக ஒரு தும்மல் போட்டாள், ஜன்னலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று ஒருமுறை கவனித்துக்கொண்டு, புதுப் பதிப்பை எடுத்துப் பின்வரிசையில், அகராதிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.