கிளட்ச்சும் ஒரு இடது முழங்காலும்

ஆணி புடுங்கற வேலை ஜாஸ்தி மக்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னொரு காரணம் நம்ம கார்.

2016 மாடல் கோல்ஃப் ஜிடிஐ, ஆறு கியர் மேனுவல், செகண்ட் ஹேண்ட். (2025 மாடல்ல இருந்து அமெரிக்காவுல இதுக்கு மேனுவலே கிடையாது. அதனால ஐயா இதை விக்கறதா இல்லை.) கம்பெனி குடுத்த டார்க் 350 நியூட்டன் மீட்டர். பொட்டி தட்டறவன் கை சும்மா இருக்குமா? ட்யூன் ஃபைல் ஏத்தி 400ஐத் தாண்ட வச்சேன். ரெண்டு மாசம் சொர்க்கம். அப்புறம் ஒருநாள் மேட்டுல ஆறாவது கியர்ல மிதிச்சா, ஆர்.பி.எம் முள்ளு மட்டும் எகிறுது, வண்டி வேகம் அப்படியே நிக்குது. கூடவே ஒரு கருகின வாடை. கிளட்ச் காலி.

படிச்சது மெக்கானிக்கல், அதை மறந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆனாலும் அந்த ஃபார்முலா மட்டும் ஞாபகம் இருந்துச்சு. கிளட்ச் தாங்கற டார்க்குன்னா நாலு விஷயத்தோட பெருக்கல்: உரசற பக்கம் எத்தனை, உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் அழுத்தற விசை, சராசரி ஆரம். குதிரைத்திறனுக்கு இதுல வேலையே இல்லை. ஆரத்தைக் கூட்ட முடியாது, கியர்பாக்ஸ் கூடு விடாது. அழுத்தத்தைக் கூட்டினா பெடல் கனக்கும். குணகத்தைக் கூட்டணும்னா செராமிக் பட்டன் வச்ச தட்டு, அது மெதுவா கவ்வாது, பட்டுனு புடிக்கும், சிக்னல்ல வண்டி தவளை மாதிரி குதிக்கும். பக்கத்தைக் கூட்டணும்னா ரெண்டு தட்டு போட்ட கிளட்ச். பெடலும் லேசு, பிடியும் ஜாஸ்தி. விலையைப் பார்த்தா மூடிட்டுப் படுத்துக்கலாம். 'ஸ்டேஜ் 2', 'ஸ்டேஜ் 3'ன்னு போடறாங்களே, அதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. டார்க் எவ்வளவு தாங்கும்னு போட்டிருக்கறதை மட்டும் பாருங்க.

நான் தேறினது செராமிக், கூடவே லேசான ஒற்றை ஃப்ளைவீல். நியூட்ரல்ல பழைய டீசல் வண்டி மாதிரி கடகடன்னு சத்தம் வரும், தெரியும். கெத்து வேணும்ல!

ஞாயித்துக்கிழமை போன்ல அப்பாகிட்ட உளறிட்டேன். செலவுக்குத் திட்டுவாருன்னு நினைச்சேன். அவர் கேட்டது வேற.

"மிதி கனமா இருக்குமா கண்ணு?"

"கொஞ்சம் இருக்கும்பா. ஜிம் போறேன்ல, சமாளிச்சுக்கலாம்."

"ஒருக்கா மிதிக்கறதுக்கு ஜிம்மு போதும். டிராபிக்ல நாளைக்கு எத்தனை மிதி, எண்ணிப் பார்த்தியா?"

அப்பா நாமக்கல்ல இருந்து லாரில லோடு ஏத்திட்டு முப்பது வருஷம் ஊரு ஊரா ஓட்டினவர். சரி சரின்னு மழுப்பிட்டேன். அப்பத்தான் அம்மா போனை வாங்கினாங்க. இடது முழங்கால் தேய்ஞ்சு போச்சாம், மாத்தணும்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சாம். வலது கால் நல்லா இருக்காம். என்கிட்ட சொல்ல வேண்டாம்னு அப்பா சொல்லியிருக்கார். "எதுக்கு அவனுக்கு அதெல்லாம்" அப்படின்னு அந்தப் பக்கம் குரல் கேட்டுச்சு.

திங்கக்கிழமை ஆபீஸ் போறப்ப எண்ணினேன். 22 மைலுக்கு 140 மிதி. அதுக்கு மேல எண்ணிக்கை விட்டுப்போச்சு.

கடைசில போட்டது ஆர்கானிக் தட்டு, நடுவுல ஸ்பிரிங் வச்சது, கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட், பழைய மாதிரியே டூயல் மாஸ் ஃப்ளைவீல். என் டார்க்குக்கு மேல இன்னும் நூறு தாங்கும், போதும். மெக்கானிக் கூலிதான் கண்ணுல தண்ணி வர வச்சுச்சு, கியர்பாக்ஸையே கழட்டணுமே. பெடல் முன்னைவிட ஒரு பொடி கனம், அவ்வளவுதான். கெத்து போச்சுன்னு ரூம் மேட் ஓட்டறான்.

போன வாரம் அப்பா எடுத்த உடனே கேட்டது, "சிக்னல்ல ஆஃப் கிளட்ச்ல நிக்கறியா?"

"இல்லப்பா, நியூட்ரல்தான்."

"ம்."

அடுத்த மாசம் அவருக்கு ஆபரேஷன், டிக்கெட் போட்டாச்சு. புது கிளட்ச் 500 மைலுக்கு மிதமாத்தான் ஓட்டணும். இன்னும் 180 பாக்கி.