முகமறியாதவர்களுக்காக

அயர்லாந்தின் தென்மேற்கில், கார்க் மாவட்டத்துக் கடலோர ஊர்கள் மிகச் சிறியவை. ஒரு படகுத்துறை, ஒரு தேவாலயம், இரண்டொரு மதுக்கூடங்கள், கொஞ்சம் வீடுகள். நடந்தே சுற்றி வந்துவிடலாம். ஆனால் அங்கே பெயர் சொல்லி நிற்கும் சின்னங்களில் பலவும் கடலில் போகிற முகமறியாதவர்களுக்காக எழுந்தவை. அந்த ஊர்களின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு அதுதான் காரணம்.

பால்டிமோரை எடுத்துக்கொள்வோம். 1631 ஜூன் 20 அன்று, பொழுது விடியுமுன், அல்ஜியர்ஸிலிருந்து வந்த கடற்கொள்ளையர்கள் அந்த மீனவ ஊருக்குள் இறங்கினார்கள். அவர்களின் தலைவன் முராத் ரெய்ஸ், டச்சு நாட்டில் பிறந்தவன். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். ஊர் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தப்பித்தவர்களில் பலர் உள்நாட்டில் இருக்கும் ஸ்கிபரீனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்றைய ஊருக்குச் சாட்சியாகப் படகுத்துறைக்கு மேலே டூன் நா ஷேட் கோட்டை இன்றும் நிற்கிறது.

கடல்வழியே இத்தனை கேடு கண்ட அதே துறைமுகத்தின் வாயிலில், பாறை விளிம்பில், கூம்பு வடிவில் வெள்ளையடித்த ஒரு கற்தூண் இருக்கிறது. விவிலியத்தில் உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவியின் பெயரால்தான் ஊரார் அதை அழைக்கிறார்கள். வருகிற கப்பல் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அது வழிகாட்டும். தூரத்தில் பாஸ்ட்நெட் பாறையின் கலங்கரை விளக்கம். அங்கே முதல் விளக்கு எரிந்தது 1854-இல். இப்போதுள்ள கோபுரத்தின் விளக்கு 1904-இல் ஏற்றப்பட்டது. கருங்கற்களை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன எத்தனையோ ஐரிஷ் மக்கள் தாய்நாட்டில் கடைசியாகக் கண்டது அந்தப் பாறையைத்தான்.

பால்டிமோரிலிருந்து வடமேற்கே போனால், டன்மேனஸ் விரிகுடாவின் கரையில் அஹகிஸ்டா. 1985 ஜூன் 23 காலை, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் குண்டு வெடித்து இந்தக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. மாண்டவர்கள் 329 பேர். பெரும்பாலோர் கனடாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர். கிடைத்த உடல்கள் 131 மட்டுமே. மற்றவர்களின் குடும்பங்களுக்கு இந்தக் கடல்தான் கல்லறை.

ஓராண்டு முடிவதற்குள் அஹகிஸ்டாவில் நினைவிடம் எழுந்துவிட்டது. கடலை ஒட்டிய சிறு தோட்டம். நடுவில் கல்லில் செய்த சூரியக் கடிகாரம். இறந்தவர்களின் பெயர் தாங்கிய சுவர். அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும்போது ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். வீட்டோடு போனவர்கள் என்று புரிகிற இடத்தில் மேற்கொண்டு படிக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

டொரொன்டோவின் ஏரிக்கரையில் இவர்களுக்கு நினைவிடம் அமைந்தது 2007-இல்தான். கனடாவே இதை வேறு யாருடைய துயரமோ என்பதுபோல் நடத்தியது என்ற வருத்தம் அந்தக் குடும்பங்களுக்கு நெடுநாள் இருந்தது. அஹகிஸ்டா மக்களோ ஆண்டுதோறும் ஜூன் 23 காலையில் அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அயர்லாந்து போகும் நம்மவர்கள் டப்ளினையும் மோஹர் பாறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி அஹகிஸ்டாவுக்கும் போய்வர வேண்டும். நம் துக்கத்தைத் தன் வீட்டுத் துக்கமாக ஏற்றுக்கொண்ட ஊருக்கு நாம் நேரில் போய் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.